பின்பக்கம் தெரிய நின்ற வண்டி

செய்தி வந்தபோது நான் கடையில் இருந்தேன். சாமி படத்துக்கு ஊதுபத்தி கொளுத்திவிட்டு, முந்தின நாள் காஞ்சிபுரத்திலிருந்து எடுத்து வந்த பட்டுக் கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. பெரியவரின் மகன் செல்வம். “சித்தி, அப்பா போயிட்டாக” என்றான். “எப்போ?” என்றேன். “இப்பத்தான். காப்பி கேட்டாக, கொண்டுட்டு வர்றதுக்குள்ள...” என்று உடைந்தான். கட்டைத் திரும்பக் கட்டி வைத்தேன். கடையைச் சாத்தச் சொன்னேன். எனக்கு அழுகை வரவில்லை. வந்தது என்று எழுதினால் நீங்களே சிரிப்பீர்கள். எங்கள் இரண்டு பேரையும் தெரிந்தவர்கள்தானே நீங்கள் எல்லாரும்.

நம் வியாபாரிகள் சங்கத்துக் காரியதரிசி நேற்று கடைக்கு வந்து, அஞ்சலி மலருக்கு இரண்டு பக்கம் எழுதித் தரச் சொன்னார். “அண்ணாச்சியைப் பத்தி நல்லதா நாலு வார்த்தை எழுதுங்கம்மா” என்றார். நல்லதாக எத்தனை தேறும் என்று எனக்குத் தெரியாது. தேறியதை எழுதுகிறேன், தேறாததையும் எழுதுகிறேன். வெட்டிப் போட்டால் இதையே அட்டையில் ஒட்டி என் கடை வாசலில் மாட்டுவேன். சொல்லிவிட்டேன்.

சிவசுப்பு அண்ணாச்சி என்று தியாகராய நகரில் துணி வாங்கிய எல்லாருக்கும் தெரிந்த அவர் என் கணவரின் அண்ணன். எனக்கு அத்தான். திருநெல்வேலியிலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்து கடை போட்டவர் என்று மேடைகளில் சொல்வார்கள். பெட்டி அவருடையது, உள்ளே இருந்த சேலைகளைத் தெரிந்தெடுத்தது என் வீட்டுக்காரர். அதை ஒருவரும் மேடையில் சொன்னதில்லை. என் வீட்டுக்காரர் காமாலையில் போனபோது எனக்கு இருபத்தெட்டு வயது, பிள்ளை இல்லை. பதினாறாம் நாள் முடிந்ததும் அத்தான் மந்தைவெளி வீட்டுக்கு வந்து, நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, “கோமதி, நீ வீட்டுல இரு. உனக்கு வேண்டியது மாசாமாசம் வந்துரும்” என்றார். நான் சரி என்று சொல்லவில்லை. அவர் கேட்கவும் இல்லை.

ஆனால் சரக்குப் பார்க்கிற கண் அவருக்குக் கிடையாது. அவரே எடுத்து வந்த கல்யாணப் பட்டு இரண்டு மாதம் அலமாரியை விட்டு இறங்கவில்லை. மூன்றாம் மாதம் ஆள் அனுப்பி என்னைக் கடைக்குக் கூப்பிட்டார். “கண்ணு உனக்குத்தான் இருக்கு. போய்ப் பாத்து எடுத்துட்டு வா” என்றார். அவர் வாயால் எனக்குக் கிடைத்த ஒரே நல்ல வார்த்தை அது. அதையும் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். கடைச் சிப்பந்தி ஒருவரோடு பஸ் ஏறிக் காஞ்சிபுரம் போய்வர ஆரம்பித்தேன். கடையின் பங்குப் பத்திரத்தில் என் வீட்டுக்காரர் பெயர் இருந்த இடம் மட்டும் காலியாகவே கிடந்தது. கேட்டபோதெல்லாம் “பார்ப்போம்” என்றார்.

இனி வண்டிக்கு வருகிறேன். நீங்கள் எல்லாரும் பார்த்த வண்டி, அந்த வெள்ளை வெளிநாட்டு வண்டி.

அடையாற்றில் ஒரு வெள்ளைக்காரத் துரை ஊருக்குத் திரும்புகிறார், இரண்டு கார் விற்கிறார் என்று தகவல் வந்தது. அத்தான் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். பாளையங்கோட்டை கான்வென்டில் படித்தவள், இங்கிலீஷ் பேசுவாள் என்பதற்காகத்தான். வழியிலேயே சொல்லிவிட்டார்: “நான் சொல்றதை மட்டும் அவன்கிட்ட சொல்லு. நீயா ஒண்ணும் சேத்துப் பேசாதே.” வண்டியைப் பார்த்துச் சொல்ல சிந்தாதிரிப்பேட்டை மெக்கானிக் தாஸும் வந்திருந்தான்.

பங்களாவுக்குள் இரண்டு வண்டிகள் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. ஒரே உடம்பு, ஒரே வெள்ளை, உள்ளே ஒரே மாதிரி தோல் சீட்டு. டிக்கியின் மேல் பதித்திருந்த, மாடலைக் காட்டும் வெள்ளி எண்கள்தான் வேறு. ஒன்றில் பெரிய எண், ஒன்றில் சின்ன எண். பெரியது ஆறு சிலிண்டர், துரை ஓட்டுவது. சின்னது நாலு சிலிண்டர், அவர் மனைவி ஓட்டுவது. அந்த அம்மாள் என் கையைப் பிடித்துச் சின்ன வண்டியில் உட்கார வைத்து, ஓட்டிப் பாருங்கள் என்றார். எனக்கு ஓட்டத் தெரியும். கிண்டி ரேஸ் மைதானத்துப் பக்கம் என் வீட்டுக்காரர் சொல்லிக் கொடுத்தது. அடையாற்றுத் தெருக்களில் ஒரு சுற்று வந்தேன், பிறகு பெரியதிலும் ஒரு சுற்று. திரும்பி வந்து, “அத்தான், சின்னதை எடுப்போம்” என்றேன். “இந்த ஊர் ரோட்டுக்கு இது போதும். பெட்ரோலும் கம்மியாக் குடிக்கும்.”

தாஸும் தலையாட்டினான். “அம்மா சொல்றது கரீட்டு நைனா. அது குடிச்சிக்கினே இருக்கும். இது நம்மூருக்கு சோக்கா ஓடும்.”

அத்தான் இரண்டு வண்டியின் பின்பக்கமும் போய் நின்று எண்களைப் பார்த்தார். முன்பக்கம் திறந்து இன்ஜினைப் பார்க்கவே இல்லை. பிறகு துரை, துரைசானி, தோட்டக்காரன் எல்லாரும் கேட்கச் சொன்னார்: “அவனே பொண்டாட்டிக்குன்னு வாங்கிப் போட்டது. பொட்ட இன்ஜின். ஆம்பளை வண்டின்னா தெருமுனையிலயே சத்தம் கேக்கணும். இதுல போனா என்னை எவன் மதிப்பான்?” அத்தான் என்ன சொன்னார் என்று துரை என்னைக் கேட்டார். “உங்கள் மனைவியின் வண்டியை மிகவும் பாராட்டுகிறார்” என்று இங்கிலீஷில் சொன்னேன். காது சூடாக இருந்தது. இன்றைக்கு நினைத்தாலும் சூடாகிறது.

பெரிய வண்டிதான் என்று முடிவாயிற்று. ஆனால் மறுநாள் அஷ்டமி, அதற்கு மறுநாள் நவமி. அட்வான்ஸ் கொடுக்க ஆகாது என்று அத்தான் தசமிக்குக் காத்திருந்தார். எதிர்க்கடை மாணிக்கம் அண்ணாச்சி காத்திருக்கவில்லை. அஷ்டமியன்றே போய்ப் பெரிய வண்டியை ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார். தசமியன்று நாங்கள் வெற்றிலை, பாக்கு, பழத்தோடு போய் இறங்கியபோது சின்னது மட்டும் தனியாக நின்றது. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. முந்தானையால் வாயை மூடிக்கொண்டேன். வெறுங்கையோடு திரும்பினால் எதிர்க்கடை முன்னால் தலை குனிய வேண்டும். அத்தான் பல்லைக் கடித்துக்கொண்டு சின்னதையே வாங்கினார்.

வாங்கிய வண்டி நேரே கடைக்கு வரவில்லை. சிந்தாதிரிப்பேட்டைக்குப் போனது. அங்கே தாஸிடம் சின்ன எண்ணைக் கழற்றச் சொல்லி, பெரிய எண்ணைத் தேடிப் பிடித்துப் பதிக்கச் சொன்னார். ஆமாம் ஐயா, மாணிக்கம் அண்ணாச்சி வண்டியில் இருந்த அதே எண்ணை. வண்டிப் புத்தகத்தை இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். விஷயம் தெரிந்தது அவருக்கும் தாஸுக்கும் எனக்கும்தான்.

இப்போது நீங்கள் யோசித்துப் பாருங்கள். பாண்டி பஜாரில் எல்லாரும் காரை முகம் தெரிய நிறுத்துவார்கள். நம் அண்ணாச்சி மட்டும் ஏன் எப்போதும் பின்பக்கம் தெரிய நிறுத்தச் சொன்னார்? காரியதரிசி, நீங்களே ஒரு தடவை கேட்டீர்கள். “வாஸ்து” என்றார். நீங்களும் வீட்டுக்குப் போய் உங்கள் வண்டியைத் திருப்பி நிறுத்தினீர்கள்.

அவருக்கு ஓட்டத் தெரியாது. கற்றுக்கொள்ளவும் இல்லை. “முதலாளி பின்சீட்டுல இருக்கணும். முன்னால இருக்கிறவன் வேலைக்காரன்” என்பார். டிரைவர் முனுசாமி அரசாங்க பஸ்ஸில் வேலை கிடைத்துப் போனதும், வேறு ஆள் கிடைக்கும்வரை நான் ஓட்டுவது என்று ஆயிற்று. அதற்கும் நிபந்தனை. கடை திறக்கும் முன் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்திவிட வேண்டும், உஸ்மான் ரோட்டில் என்னை யாரும் ஸ்டியரிங்கோடு பார்க்கக் கூடாது. அவரை ஏற்றிக்கொண்டு போகும்போது பின்சீட்டில் பத்திரிகையை விரித்து முகத்தை மறைத்துக்கொள்வார். மயிலாப்பூர் குளத்துப் பக்கம் ஒருநாள் பத்திரிகை தலைகீழாக இருந்தது. சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்?

ஆனால் காஞ்சிபுரத்துக்கு அந்த வண்டியில் நானே போனேன். பஸ்ஸில் போனபோது “சிப்பந்தி வரலியாம்மா?” என்று கேட்டவர்கள் இப்போது நாற்காலி போட்டார்கள். நல்ல சேலையை முதலில் எனக்குக் காட்டினார்கள். இரண்டு வருடம் போலக் கடையில் ஒரு பட்டுகூடத் தேங்கவில்லை. அந்தப் பயணம்தான் என் வாழ்க்கை என்று ஆகிவிட்டது. அது போனால் மந்தைவெளியில் நாலு சுவர்தான் மிச்சம்.

அது போகத்தான் பார்த்தது. ஒரு புரட்டாசியில், பூந்தமல்லி தாண்டி ரேடியேட்டர் குழாய் வெடித்துத் தண்ணீரெல்லாம் போய், நான் நிறுத்துவதற்குள் கேஸ்கெட் எரிந்துவிட்டது. கேஸ்கெட் என்பது இன்ஜினின் தலைக்கும் உடம்புக்கும் நடுவில் வைக்கிற தகடு. சிலிண்டருக்கு ஒன்றாக அதில் வட்ட ஓட்டைகள் இருக்கும். லாரியில் கட்டி இழுத்துத் தாஸிடம் கொண்டுபோய்ச் சேர்த்தேன். “அந்த பைப்பு எப்பவோ செத்துப்போச்சும்மா. யார் ஓட்டினாலும் இதான் ஆயிருக்கும்” என்றான்.

அத்தானுக்கு அதெல்லாம் வேண்டியிருக்கவில்லை. வாடிக்கையாளர்கள் உட்கார்ந்திருக்க, சிப்பந்திகள் நிற்க, கல்லாவிலிருந்து எழுந்து, “சாவியைக் குடு” என்றார். “பொம்பளை கை பட்டா வண்டி என்ன, கடையே நின்னு போகும். இனிமே சரக்கெடுக்க நீ போக வேண்டாம். செல்வம் போவான்.” செல்வத்துக்கு அப்போது காலேஜ் முதல் வருடம். பட்டுக்கும் பருத்திக்கும் வித்தியாசம் கேட்டால் விலைச்சீட்டைப் பார்ப்பான். நான் சாவியைக் கொடுத்துவிட்டு, பஸ் பிடித்து வீட்டுக்குப் போனேன். அன்றைக்கு அழுதேன். அவர் செத்த அன்று வராத அழுகை அது.

கேஸ்கெட் பம்பாயிலிருந்து வர வேண்டும். அத்தான் கடையில் உட்கார்ந்து, எல்லார் காதும் கேட்கத் தந்தி வாசகம் சொன்னார். எந்த எண்ணைச் சொன்னார் என்று நினைக்கிறீர்கள்? டிக்கியில் இருந்த எண்ணைத்தான். பொய்யை ஊருக்குச் சொல்லிச் சொல்லி, தனக்கே உண்மை மறந்துபோனதா, அல்லது அத்தனை பேர் முன்னால் வேறு எண் சொல்ல வாய் வரவில்லையா, எனக்கு இன்றுவரை தெரியாது.

ஆயுத பூஜையன்று பார்சல் வந்தது. கடையில் குடும்பம் முழுக்க இருந்தது. சங்கத்து ஆட்கள் பாதிப் பேர் சுண்டலுக்கு வந்திருந்தீர்கள். மாணிக்கம் அண்ணாச்சியும் வந்திருந்தார். தராசுக்கும் முழக்கோலுக்கும் சந்தனம் வைத்தாயிற்று, சக்கரத்துக்கு வாங்கிய எலுமிச்சம்பழம் நாலும் வண்டி இல்லாமல் தட்டில் கிடந்தன. தாஸ் பார்சலைப் பிரித்த கையோடு நேரே உள்ளே வந்தான். தகட்டைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினான்.

“இன்னா நைனா இது? ஆறு ஓட்டை கீது! நம்ம வண்டிக்கு...”

எல்லாரும் அண்ணாந்து தகட்டைப் பார்த்தீர்கள். அத்தான் முகத்தில் ரத்தமே இல்லை. வாயில் போட்ட சுண்டலை மெல்லவும் இல்லை, விழுங்கவும் இல்லை. அந்த முகத்தைப் பார்க்க நான் எத்தனை நாள் ராத்திரி ஆசைப்பட்டிருப்பேன்! ஒரு வார்த்தை போதும். தாஸை முடிக்க விட்டால் போதும்.

“தாஸ்!” என்றேன். “அது பழைய மாடலுக்கு உள்ளது. பம்பாய்க்காரன் மாத்தி அனுப்பிட்டான். உள்ள கொண்டு வை.”

தாஸ் என்னைப் பார்த்தான். கெட்டிக்காரன். “ஆமாம்மா, அதான் சொல்ல வந்தேன்” என்று தகட்டைக் கீழே இறக்கினான்.

“என்ன மாறிப்போச்சு?” என்றார் மாணிக்கம் அண்ணாச்சி, கழுத்தை நீட்டி.

“அளவு சேரலை, அண்ணாச்சி. நீங்க சுண்டல் எடுத்துக்கோங்க.”

நான் அவரைக் காப்பாற்றினேன் என்று நினைத்துவிடாதீர்கள். சரக்கு அறைக்குள் போய் நின்றேன். பின்னாலேயே வந்து கதவைச் சாத்தினார்.

“என்ன வேணும் உனக்கு?”

“சாவி. சரக்கெடுக்க நான்தான் போவேன். உஸ்மான் ரோட்டுலயும் ஓட்டுவேன். பத்திரத்துல அவுக பேரு இருந்த இடத்துல என் பேரு.”

“மிரட்டுதியா?”

“ஆமா அத்தான்.”

“பொம்பளைப் புத்தி.”

“நாலு சிலிண்டர் புத்தி, அத்தான். நீங்க இருக்கிற வரைக்கும் நான் வாயத் திறக்க மாட்டேன். அது என் வாக்கு.”

சாவியைக் கையில் தரவில்லை. மேஜை மேல் எறிந்தார், அது வழுக்கிக் கீழே விழுந்தது. குனிந்து எடுத்தேன். அந்தக் குனிவுக்கு நான் வெட்கப்படவில்லை. ஐப்பசி முடிவதற்குள் பத்திரத்தில் கையெழுத்தாயிற்று. சரியான கேஸ்கெட்டுக்கு நானே தந்தி கொடுத்தேன்.

பிறகு பெட்ரோல் விலை ஏறியது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். மாணிக்கம் அண்ணாச்சி தன் பெரிய வண்டிக்குப் படுதா போட்டு மூடிவிட்டு ரிக்‌ஷாவில் வந்தார். எங்கள் வண்டி தினமும் ஓடியது. “ஆறு சிலிண்டரை எப்படிக் கட்டுப்படியாக்குதீக?” என்று நீங்கள் கேட்டபோதெல்லாம் அத்தான் மீசையைத் தடவி, “இருக்கிறவன் ஓட்டுதான்” என்றார். நான் பக்கத்திலேயே நின்று பில் போட்டுக்கொண்டிருந்தேன். ஒருநாளாவது ஓரக்கண்ணால் என்னைப் பார்ப்பார் என்று எதிர்பார்த்தேன். பார்த்ததே இல்லை. நன்றி வேண்டாம், கூச்சமாவது இருக்க வேண்டாமா ஒரு மனிதருக்கு?

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பொய் எண் எனக்கும் உதவியது. ஒரு விதவை தனியாகக் கார் ஓட்டிப் போனால் என்னென்ன பேச்சு வரும் என்று உங்களுக்குத் தெரியும், பேசியவர்களில் சிலர் இதைப் படிக்கிறீர்கள். பின்னால் போய் அந்த எண்ணைப் பார்த்ததும் பேச்சு குறைந்தது. “பெரிய இடத்து அம்மா” என்று வழி விட்டார்கள். காஞ்சிபுரத்தில் நானும் வண்டியைப் பின்பக்கம் தெரியத்தான் நிறுத்தினேன். அவரைத் திட்டிக்கொண்டே நிறுத்தினேன், ஆனால் நிறுத்தினேன்.

கடைசியாக அவரைப் பார்த்தது போன மாதம். படுக்கையில் இருந்தார். சாத்துக்குடியை மேஜையில் வைத்துவிட்டு உட்கார்ந்தேன். ஒரு பழத்தை உரித்தேன். பிறகு கண்ணைத் திறக்காமலே கேட்டார்:

“வண்டி வாசல்ல எப்படி நிக்கி?”

“பின்பக்கம் தெரியத்தான் அத்தான்.”

“சரி” என்றார். அவ்வளவுதான். அவர் என்னிடம் பேசிய கடைசிப் பேச்சு அதுதான்.

கண்ணம்மாபேட்டைக்குக் கொண்டுபோன அன்று, பொம்பளை சுடுகாட்டுக்கு வரக் கூடாது என்று செல்வம் சாவியை வாங்கிக்கொண்டான். முதல் தடவையாக அந்த வண்டியை அவன் ஓட்டினான். திரும்பி வந்து குளித்துவிட்டு, ஈரத் தலையோடு என்னிடம் வந்தான்.

“சித்தி, ஆறு சிலிண்டர்னு சொல்லுவாக. இழுவையே இல்லையே? காரியம் முடிஞ்சதும் வித்துருவோம். இந்த மாடலுக்கு இன்னைக்கும் நல்ல மதிப்பு.”

காரியம் முடியட்டும் என்றேன். பதினாறாம் நாள் முடிந்த மறுநாள் காலையில் அவனை வாசலுக்குக் கூப்பிட்டு, வண்டியின் முன்பக்கத்தைத் திறந்தேன். சிலிண்டருக்கு ஒன்றாக இருக்கும் பிளக்குகளைக் காட்டினேன்.

“எண்ணு.”

“ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு.” குனிந்து அந்தப் பக்கமும் தேடினான். “மத்த ரெண்டு?”

“கிடையாது.”

“அப்பாவை யாரோ ஏமாத்திட்டானா சித்தி?”

“பெரிய எண்ணை ஒட்டச் சொன்னதே உங்கப்பாதான்.”

அவன் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டான். தெருவில் யாராவது நிற்கிறார்களா என்று முதலில் பார்த்தான், பிறகு எழுந்து வேகமாக வண்டியை மூடினான். அப்படியே அப்பன் கை. “வெளியில சொல்லிராதீங்க சித்தி. நம்ம மானம் போயிரும்” என்றான்.

உயிரோடு இருக்கிறவரைக்கும் என்றுதான் நான் வாக்குக் கொடுத்தேன். அதை ஒருநாளும் மீறவில்லை. இப்போது அவர் இல்லை.

அவரிடமிருந்து நான் வைத்திருப்பது மூன்று. பத்திரத்தில் என் பெயர், அவர் எறிந்த சாவி, சரக்கு அறையில் ஆணியில் தொங்குகிற ஆறு ஓட்டைத் தகடு. வண்டியை விற்கவில்லை. என் பங்காக எடுத்துக்கொண்டேன். நேற்று தாஸ் வந்து பொய் எண்ணைக் கழற்றினான். துருப்பிடித்த சின்ன ஓட்டைகள் தெரிந்தன. “அடைச்சி பெயின்ட் அடிக்கட்டாம்மா?” என்றான். “பழைய எண்ணு பட்டறையில இருக்கா?” என்றேன். “பத்திரமா கீதும்மா” என்றான். பதிக்கச் சொன்னேன்.

இந்த மலர் உங்கள் கைக்கு வந்த மறுநாள் காலை காஞ்சிபுரம் போவேன். போகும் வழியில் உங்கள் ஒவ்வொருவர் கடை வாசலிலும் ஒரு நிமிடம் நிறுத்துவேன், பின்பக்கம் தெரிய. வந்து படித்துக்கொள்ளுங்கள். இத்தனை வருடமும் ஓடியது அந்த நாலு சிலிண்டர்தான்.